யானைக்குள் இரண்டு பேர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம்தான், ஆனால் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் ஒரு கை இடுப்புக்குப் போய்விடுகிறது, அதற்குக் காரணம் ஒரு யானை. பதறாதே, துணி யானைதான். போனில் சொல்லலாம் என்று பார்த்தால் நீ கூப்பிடும் நேரமெல்லாம் அப்பா பக்கத்திலேயே பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், படிக்கிற மாதிரி. அதனால்தான் கடிதம்.

நம் ஊர்க் கலைவிழா போன வாரம் நடந்து முடிந்தது. மார்க்கெட் மைதானத்தில் வழக்கம்போல மேடை போட்டு, வெளியூரிலிருந்து பாடகர்கள், கயிற்றில் நடப்பவர்கள், பேண்டு குழுக்கள் என்று ஊரே இரைச்சலாக இருந்தது. இந்த வருஷம் விழாச் செயலாளர் நம் மருந்துக்கடைக்காரர். முடிவு நிகழ்ச்சியாக ஒரு யானை கூட்டத்துக்குள் நடந்து வந்து மேடை ஏறி பேண்டுக்கு ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. உள்ளே முன்னங்கால் ஒருவர், பின்னங்கால் ஒருவர். தைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய மேடைத்திரைகளைக் கொடுத்தார்கள், நல்ல சாம்பல் நிறம், ஆனால் ஊசி இறங்குவேனா என்றது. விழா வரைக்கும் வீட்டில் யானையோடுதான் குடித்தனம். காது இரண்டும் சோபாவின் மேல், கால்கள் பால்கனிக் கொடியில், உன் கட்டிலில் தும்பிக்கை. தும்பிக்கை வளைந்து நிற்க வேண்டுமே, உள்ளே பழைய வாஷிங் மிஷினின் தண்ணீர்க் குழாயைச் செருகினேன். அப்பா ஒரு நாள் விளக்குப் போடாமல் உன் அறைக்குள் போய் அதை மிதித்துவிட்டு, வீட்டுக்குள் மலைப்பாம்பு என்று கத்தி மேல்வீட்டுக்காரர்களையும் இறக்கிவிட்டார்.

முன்னங்காலுக்கு உன் மாமா. அவன் உயரத்துக்கு வேறு யாரைப் போடுவார்கள், டிரைவிங் ஸ்கூல் காரிலேயே அவன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். பின்னங்காலுக்குத் தபால்காரர். யானை உடம்புக்கான பிரம்புச் சட்டத்தை அவர்கள் இருவர் உயரத்துக்கும் அளவெடுத்துக் கட்டியாகிவிட்டது. விழாவுக்கு முந்தின நாள் தபால்காரர் தோரணம் கட்ட ஏணியில் ஏறி, இறங்கும்போது கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். அந்த உயரத்தில் ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஆள். மருந்துக்கடைக்காரர் நேரே அப்பாவின் ஃபிரேம் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். முன்னால் யார் என்று தெரிந்ததும் அப்பா கண்ணாடி வெட்டுவதை நிறுத்தாமலே, “அந்த ஆள் பின்னாடி நான் நடக்கமாட்டேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உனக்குத் தெரியாததா. நீ வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்று மாமா காரில்தான் ஏர்போர்ட் போனாய், அப்பா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. வாலிபால் டீமில் ஒன்றாக ஆடி, ஒரே தட்டில் சாப்பிட்டு, அந்தச் சிநேகத்தில்தான் அப்பா என்னையே கட்டிக்கொண்டார். அப்படிப்பட்டவர், “என் பையன் மனசைக் கலைச்சிட்டான்” என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மூடிவிட்டார். என் அண்ணனை என் வீட்டுக்கு வா என்று கூப்பிட முடியாமல் நான் பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் காகிதம் போதாது.

அன்று சாயந்திரம் அப்பா வீட்டுக்கு வந்தபோது நான் வயிற்றுப் பக்கத்துத் தையலில் இருந்தேன். விழா நடக்குமா நடக்காதா என்று நான் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், ஊசி குத்திக் குத்தி என் விரல் நுனியெல்லாம் பிளாஸ்டர். பிறகு பால்கனிக்குப் போய்ப் பின்னங்கால் ஒன்றை எடுத்துத் தன் காலோடு வைத்து அளந்து பார்த்துவிட்டு, “யானைக்காக வர்றேன், ஆளுக்காக இல்ல” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஒத்திகை. உள்ளே இரண்டு பேரும் அரை முழ இடைவெளியில் நின்றுகொண்டு என் மூலமாகப் பேசினார்கள். “வலது காலை எடுக்கச் சொல்லு” என்று மாமா, “எடுத்தாச்சுன்னு சொல்லு” என்று அப்பா. நான் வெளியே நின்று யானையின் வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தேன். மாமா டிரைவிங் ஸ்கூல் பழக்கத்தில் அவ்வப்போது, “கிளட்ச்சை மெதுவா விடணும், மெதுவா” என்று முணுமுணுக்க, அப்பா, “நான் லைசென்ஸ் எடுக்க வரல” என்று யானையை விட்டு வெளியே வந்துவிட்டார். மறுபடி உள்ளே அனுப்புவதற்குள் எனக்கு வேர்த்து வழிந்தது.

சாயந்திரம் கூட்டம் மைதானம் தாண்டித் தெருவில் நின்றது. பேண்டு ஆரம்பித்தது, யானையும் புறப்பட்டது. முன்பாதி இடது பக்கம் போகிறது, பின்பாதி வலது பக்கம் இழுக்கிறது, குழந்தைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எப்படியோ மேடை ஏறிவிட்டது. ஏறின வேகத்தில் வயிற்றுத் தையல் பட்டென்று விட்டு, அப்பாவின் கட்டம் போட்ட சட்டை எட்டிப் பார்த்தது. நான் ஊசியோடு மேடைக்கு ஓடினேன். உன் அம்மா மேடை ஏறிய முதல் தடவை அதுதான். டிரம்ஸ் வாசிக்கிற பெண் நல்ல புத்திசாலி, என்னைப் பார்த்ததும் தாளத்தைக் குறைத்து நான் ஒவ்வொரு தையல் போடுவதற்கும் ஒரு தட்டுத் தட்டினாள். ஜனங்கள் அதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அப்போதுதான் உள்ளே பேச்சு ஆரம்பித்தது.

“மெதுவா ஏறக் கூடாதா, எல்லாரையும் அவசரப்படுத்தறதே உன் வேலையாப் போச்சு” என்று அப்பா. “யாரை அவசரப்படுத்தினேன்” என்று மாமா. “என் பையனை” என்றார் அப்பா. மாமா திரும்ப முடியாமல் முன்பக்கம் பார்த்தபடியே சொன்னான். “மாப்ளே, அவன் போறதுன்னு முடிவு பண்ணின பிறகுதான் என்கிட்ட வந்தான். உன்கிட்ட சொல்ல வாய் வரலன்னு என் காரில் உக்காந்து அழுதான். நீ கிளம்பு, உங்கப்பா கோபத்தை நான் வாங்கிக்கிறேன்னு சொன்னேன். வாங்கிக்கிட்டேன்.”

எனக்குக் கை ஓடவில்லை. நீ இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை. கோபமாக எழுதவில்லை, சொன்னால் என் முகத்திலிருந்து அப்பா படித்துவிடுவார் என்று நினைத்திருப்பாய், அது சரிதான். யானையின் பின்பாதி மட்டும் மெல்லத் தரையில் உட்கார்ந்தது. முன்பாதி நின்றுகொண்டே இருக்கிறது. மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது, நான் ஒருத்திதான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “என்னைப் பாத்தா அவ்வளவு பயமா அவனுக்கு” என்று உள்ளேயிருந்து அப்பா குரல். மாமா, “பயம் இல்லடா, உன் முகம் வாடிப்போறதைப் பாக்க முடியாதுன்னான்” என்றான். சொல்லிவிட்டு அவனும் உட்கார்ந்துவிட்டான். ட்ரம்பெட்காரர் இனி என்ன வாசிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்க்கிறார், நான் என்ன கண்டேன். கடைசியில் அப்பாதான், “எந்திரி, ஜனம் பாக்குது. எந்தக் கால்னு சொல்லு” என்றார். என்னிடம் இல்லை, அவனிடம்.

அப்புறம் ஆடினார்கள் பார், நான் தைத்த யானையா அது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முன்னால் ஒரு குதி, பின்னால் ஒரு குதி, பேண்டு அவர்களைத் துரத்துகிறது, அவர்கள் பேண்டைத் துரத்துகிறார்கள், வாலிபால் ஆடின காலத்தில்தான் அப்படி ஒருவர் அசைவு மற்றவருக்குத் தெரியும். முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேரும் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி நனைந்திருந்தார்கள், முகத்தில் எது வேர்வை எது கண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்துக்கடைக்காரர், யானை உட்கார்ந்து எழுந்த இடம் பிரமாதம், அடுத்த வருஷமும் அதை விட்டுவிடக் கூடாது என்கிறார்.

மறுநாள் காலையில் மாமா தைலப் பாட்டிலோடு வீட்டு வாசலில் நின்றான். அப்பாவே கதவைத் திறந்தார். ஒருவர் முதுகில் ஒருவர் தேய்த்துக்கொண்டு, யார் கால் தப்பியது என்று மத்தியானம் வரைக்கும் சண்டை. நான் சமையலறையில் இருந்தேன், எங்கே போவது. பேச்சுக்கு நடுவில் அப்பா குரலைத் தணித்துக்கொண்டு மாமாவிடம், “அவன் போனது நல்லதுக்குத்தான்னு எனக்கும் தெரியும். நல்லாத்தான் பொழைக்கிறான். இதைப் போய் அவன்கிட்ட சொல்லிடாதே” என்றார். மாமாவும் சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றான். என்னிடம் யாரும் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே எழுதிவிட்டேன்.

இதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அப்பாவைக் கேள், சுகமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாமல் இடுப்பு எப்படி என்று கேள். அவரே யானைக் கதையை ஆரம்பிப்பார், பின்னங்கால்தான் முக்கியம் என்று அடித்துச் சொல்வார், ஆமாம் போடு. மாமாவுக்கும் தனியாக ஒரு போன் போடு, அவன் உன்னிடம் ஒன்றும் எதிர்பார்க்கமாட்டான், அதனால்தான் சொல்கிறேன். லீவு கிடைத்தால் அடுத்த விழாவுக்கு வந்துவிடு. உன் கட்டிலை யானையிடமிருந்து மீட்டுவிட்டேன்.

நீ நினைத்ததெல்லாம் நடந்து, நோய்நொடி அண்டாமல், மனம்விட்டுச் சிரிக்கிற நாலு பேர் எப்போதும் உன் பக்கத்தில் இருக்க என் ஆசீர்வாதம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

என்றும் உன் நினைவாக,
அம்மா