சாலையிலிருந்து தெரியாத சரிவு

இன்று கட்டபெட்டில் வண்டியை நிறுத்திக் குடை தேடியபோது, பின்பெட்டியில் உன் சாக்கு கையில் பட்டது. படம் எடுக்க மண்டியிடும்போது முழங்காலுக்கு அடியில் நீ விரிப்பாயே, அதுதான். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சாக்கில் பச்சைத் தேயிலை வாசம் இன்னும் இருக்கிறது.

ஜெகதளாவுக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவை வெட்டிய இடத்துக்குக் கீழே ஆறு வீடுகள். மழைக்கு முன் அந்தக் குடும்பங்களை மாற்ற வேண்டும் என்று செய்தி எழுதப் போனோம். கீழே இறங்கலாம் என்றாய். நேரமில்லை, சாலையிலிருந்தே எடு என்றேன். எடுத்தாய்.

படம் வந்த அன்று, அவர்களை மாற்ற உத்தரவிட வேண்டிய அதிகாரி நாளிதழை என் பக்கம் திருப்பினார். "உங்க படத்துலயே சரிவு தெரியலீங்களே. மைதானமாட்ட இருக்குது." அவர் சொன்னதில் தவறில்லை. மேலிருந்து பார்த்த காமிரா அந்தச் செங்குத்தைத் தட்டையாக்கியிருந்தது. நம் பத்திரிகை அலுவலகத்தில் திட்டு உனக்கு விழுந்தது. அவசரப்படுத்தியது நான் என்று நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இருவரும் இறங்கினோம். முதல் வீட்டுக்குப் பக்கவாட்டில், ஓடைக்கரையில் சாக்கை விரித்து மண்டியிட்டாய். இலை பறிக்கக் கிளம்பிய அந்த வீட்டு அம்மா நின்று சிரித்தார்.

"ஏனுங்க, மண்டி போட்டுக் கும்பிடறீங்க. சாமி எங்கீங்க இருக்குது?"

"உங்க ஊட்டுக்கு மேலதானுங்க நிக்குது," என்றாய், காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் திரும்பி மேலே பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

"செவுத்தை நேரா வெச்சுக்கிட்டா போதும், சரிவு தானாத் தெரியும்," என்று என்னிடம் சொன்னாய். அப்படியே தெரிந்தது. சுவர் நேராக நின்றது. கூரைக்கு மேல் மலை சாய்ந்திருந்தது. அந்தப் படம் வந்த வாரமே ஆறு குடும்பங்களையும் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மழையில் மண் இறங்கி நான்கு வீடுகளை மூடியபோது உள்ளே யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நாட்களிலாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இப்போது ஜெகதளா படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், முதல் படத்தைக் கெடுத்தது நான்தான் என்று அலுவலகத்தில் சொல்லிவிடுகிறேன். கேட்க நீ இல்லை.

இன்றும் சாலைக்குக் கீழே ஒரு புது வெட்டு, அதன் அடியில் மூன்று வீடுகள். மேலிருந்தபடியே போனில் இரண்டு படம் எடுத்திருந்தேன். சாக்கைப் பார்த்த பிறகு இரண்டையும் அழித்தேன். குடையை விட்டுவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, ஈரத்தில் விரித்து மண்டியிட்டேன். சுவரை நேராக வைத்துக்கொண்டேன்.