ஆறாவது பாட்டின் குரல்

நவம்பர் 8, 1986. சனி

காலையில் மூட்டம். டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்வெட்டர் எடுத்தாயிற்று. அந்துருண்டை வாசனை. குழாயில் எட்டு மணிக்கே தண்ணீர் நின்றது. மோதி பாக் குவார்ட்டர்ஸில் இது செய்தியே அல்ல.

கேசட் வேலை. பத்துப் பாட்டில் ஐந்து முடிந்தன. இதற்கு முன் இரண்டு கேசட் போட்டிருக்கிறேன், இரண்டும் ஆராதனைப் பாட்டுகள். கிறிஸ்துமஸுக்கென்று போடுவது இதுதான் முதல். நாற்பத்தொன்பது வயதில். இருபது வருடம் முன்பு ஆலயத்துக்குள் கிட்டாரைக் கொண்டுபோனதற்கு என்னைச் சினிமாக்காரன் என்ற அதே சபை இப்போது தன் பெயரில் வெளியிடுகிறது. அட்டையில் சபையின் பெயர், போதகரின் படம். என் பெயர் கிடையாது. செயலாளர் தேவசகாயத்தைக் கேட்டேன். "மகிமை கர்த்தருக்குல்லா, அண்ணாச்சி." போதகரின் படம் யாருடைய மகிமைக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பாடகர் குழுவில் பதினோரு பிள்ளைகள். எல்லாம் டில்லியில் பிறந்தவை, ஒன்றுக்கும் தமிழ் படிக்க வராது. வரிகளை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். இருபத்தாறு வருட சர்க்கார் சர்வீஸில் இவ்வளவு இந்தி எழுதியதில்லை.

ஆறாவது பாட்டுக்குப் பெண் குரல் தனியாக வேண்டும். பாட இருந்த அம்மாள் டைபாய்டில் படுத்துவிட்டார்.

நவம்பர் 9. ஞாயிறு

அதே ஆலயத்தில் எங்களுக்கு முன் நடக்கும் இந்திக்காரர்களின் ஆராதனை இழுத்துவிட்டது. நாங்கள் அரைமணி நேரம் வெளியே. குளிரில் வேர்க்கடலை.

வீட்டில், சப்பாத்தி தேய்த்துக்கொண்டே செல்வராணி சொன்னாள்: "ஜாய்ஸக் கூப்புடுங்களேன்."

எங்கள் மகளின் பெயர் இந்த வீட்டில் காதில் விழுந்து இரண்டு வருடம். வினோத் என்ற பஞ்சாபிப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு ஜனக்புரிக்குப் போனவள். ஆலயத்துக்கு வெளியே கல்யாணம் என்பதால் கமிட்டி அவளுக்கு அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தை நிறுத்தியது. அந்தக் கமிட்டியில் நானும் உண்டு. தீர்மானத்துக்குக் கை தூக்கினேன்.

"உங்களுக்கு வேற ஆளு இருக்காவளா?"

"இல்ல."

"அப்பம் வரச் சொல்லுதேன்."

வரச் சொல்ல இவளுக்கு வழி இருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்கவில்லை.

நவம்பர் 15. சனி

ஸ்டுடியோ. கரோல் பாக், ரஜாய்ப் போர்வைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. கீழே பஞ்சடிக்கும் சத்தம். ஒலிப்பதிவாளர் கன்னா கடைக்காரனிடம் கெஞ்சி மூன்று மணி வரை நிறுத்திவைத்தான்.

இரண்டு மணிக்கு ஜாய்ஸ் வந்தாள். இளைத்திருக்கிறாள். சல்வார், மேலே ஆண்கள் போடும் ஸ்வெட்டர்.

"வந்துட்டேன்ப்பா."

"ம். சுருதி டி மைனர்."

"சி-ல பாடட்டுமா? மேல போறப்ப—"

"டி."

"அச்சா. சரிப்பா."

பிறந்த குழந்தையைப் பார்க்க எல்லா மேய்ப்பர்களும் பெத்லகேமுக்கு ஓடினால் ஆட்டை யார் பார்த்தது? ஒருத்தி நின்றிருப்பாள். அவள் பாடுவதாக எழுதியது ஆறாவது பாட்டு. மற்ற ஒன்பதும் மணி, நட்சத்திரம், மகிழ்ச்சி. எவனும் செய்வான். இது மட்டும் நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தி எழுத்துத் தாளை நீட்டினேன். வேண்டாம் என்றாள். சனிக்கிழமைகளில் அவளை உட்காரவைத்துத் தமிழ் எழுதப் பழக்கியது நான்தான். மறந்தே போயிருந்தது.

ஒரே தடவை பாடினாள். கன்னா ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "ஏக்தம் சஹி, சாப்." இன்னொரு தடவை எடுக்க வேண்டாம் என்று கையசைத்தான். உண்மை. ஒரு இடத்திலும் பிசகு இல்லை.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டீ சொன்னேன்.

"கேசட் எப்ப வரும்ப்பா?"

"மாசக் கடைசி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனாள். நான் கீழே இறங்கவில்லை.

நவம்பர் 16. ஞாயிறு

ஆராதனைக்குப் பின் கமிட்டி. தேவசகாயம் தன் டூ-இன்-ஒன்னில் மாதிரிக் கேசட்டைப் போட்டார். ஆறாவது பாட்டு வந்தது. முடியவிட்டு நிறுத்தினார்.

"இது நம்ம ஜாய்ஸ்ல்லா?"

"ஆமா."

"தப்பா எடுக்காதிய, அண்ணாச்சி. திருவிருந்துக்கு ஆகாத பிள்ள சபை கேசட்டுல பாடலாமா? நாளைக்கி நாலு பேரு கேப்பாவ."

போதகர் கூரையைப் பார்த்தார். "குரல் நல்லாத்தான் இருக்குது."

"குரலா இப்பம் பிரச்சன, பாஸ்டர்?"

பொருளாளர் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கி நீங்களும் கை தூக்குனியள்லா?" நினைவுபடுத்தினாராம்.

முடிவு: அந்தக் குரலை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் கேசட்டுக்குச் சபையின் பெயர் இல்லை. சபையின் பெயர் இல்லாமல் டில்லியில் எந்தத் தமிழ் ஆலயமும் வாசலில் வைத்து விற்க விடாது. பிள்ளைகளின் இரண்டு மாதப் பயிற்சியும் போச்சு.

"எங்க வீட்டுக்காரி பாடுவா, அண்ணாச்சி. சுமாரா இல்ல, நல்லாவே பாடுவா." தேவசகாயம்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கோபம் வரும் என்று பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தேன். பஸ்தான் வந்தது.

நவம்பர் 18. செவ்வாய்

யோசித்தது.
1. கேசட்டையே விடுவது.
2. பாட்டை மட்டும் விடுவது. கன்னா சொல்வது: பக்கம் காலியாக ஓடும், டேப் கெட்டுவிட்டதென்று திருப்பிக் கொடுப்பார்கள்.
3. தேவசகாயத்தின் மனைவி.

மூன்றாவது நடக்காது. அந்த வரிகளை அந்த அம்மாள் பாட விடமாட்டேன். என்னிடம் மிச்சமிருக்கும் ரோஷம் இவ்வளவுதான்.

நவம்பர் 19. புதன்

அரை நாள் லீவு. ஸ்டுடியோ.

மெட்டை நானே கிட்டாரில் வாசிப்பது என்று தீர்மானம். வார்த்தை இல்லை, குரல் இல்லை, ஆட்சேபணையும் இல்லை. கன்னாவின் மெஷினில் நான்கு ஒலித்தடங்கள். பிள்ளைகள் ஒன்று, கீபோர்டு ஒன்று, தபலா ஒன்று, ஜாய்ஸ் ஒன்று. ஐந்தாவது கிடையாது. கிட்டார் அவள் தடத்தில்தான் ஏற வேண்டும். வாசிக்க வாசிக்க அடியில் இருப்பது அழிந்துகொண்டே வரும்.

"காப்பி எடுத்து வைக்கவா, சாப்?" என்று இந்தியில் கேட்டான்.

வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன், தெரியவில்லை. கமிட்டியில் போட்ட மாதிரிக் கேசட்டையும் அவனிடமே கொடுத்தேன், அழித்தால் வேறு எதற்காவது ஆகும்.

முதல் தடவை நடுவில் தப்பு. அவ்வளவு தூரம் அவள் குரல் போயிருந்தது. இரண்டாம் தடவை கடைசிவரை. விரல் நுனியில் வலி. வேறொன்றும் இல்லை.

கரோல் பாகிலேயே மஃப்ளர் வாங்கினேன். நல்ல கம்பளி.

நவம்பர் 30. ஞாயிறு

வெளியீடு. போதகர் ஜெபித்தார், தேவசகாயம் நன்றி கூறினார். நன்றியில் மைக்செட்காரன் உண்டு. நான் "மற்றும் உதவிய அனைவரும்".

வீட்டில் செல்வராணி இரண்டு பக்கமும் போட்டுக் கேட்டாள்.

"பிள்ள குரல் எங்க?"

"கமிட்டி வேண்டாம்னுட்டு."

"நீங்க என்ன சொன்னிய?"

பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவகிட்ட நீங்களே சொல்லிக்கிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

டிசம்பர் 3. புதன்

சொல்லவில்லை. செக்‌ஷனில் பார்லிமென்ட் கேள்வி, ஐந்து மணிக்குள் பதில்.

டிசம்பர் 8. திங்கள்

கடும் மூடுபனி. பஸ் முக்கால் மணி தாமதம். ஹீட்டர் வேலை செய்யவில்லை.

பதினொன்றரைக்கு ஆபீஸ் போனில் ஜாய்ஸ். இந்த நம்பருக்கு அவள் பேசி இரண்டு வருடம்.

"வினோத் நேத்து சர்ச் கேட்ல நின்னு கேசட் வாங்கிட்டு வந்தார்ப்பா."

"ம்."

"வீட்ல எல்லாரும் உக்காந்து கேட்டோம். அவரோட மம்மிஜிக்குத் தமிழ் ஒண்ணும் புரியாது, ஆனா கேட்டாங்க. என் பாட்டு எப்ப வரும் எப்ப வரும்னு."

ஃபைலின் நாடாவை அவிழ்த்தேன்.

"ஆறாவதுல கிட்டார் நீங்கதானே? நல்லாருக்குப்பா."

"ம்."

லைனில் இரைச்சல். வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கி நான் சரியாப் பாடலையாப்பா?"

எதிர் மேஜையில் மிஸ்ரா ஃபைலைத் தூக்கிக் காட்டி ஜல்தி என்று சைகை செய்தார். கமிட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு அடுத்த வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"உனக்கு அன்னைக்கித் தொண்ட கட்டியிருந்துது" என்றேன்.

"ஓ." பிறகு, "இருக்கும்ப்பா. பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்து வந்தேன்."

"ம்."

"அடுத்த தடவ மாத்திரை போட்டுட்டு வரேன்" என்றாள்.