வாசித்தேன் என்று நான் சொன்ன சத்தியக்கடதாசி

அனுப்புநர்:
அ. கலீலுர் றஹ்மான்,
மீன் வியாபாரி,
பெரிய கிண்ணியா,
கிண்ணியா.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
கிண்ணியா.

விடயம்: உப்பாறு கிராமத்தில் என் தங்கை ஜெஸீமா குடியிருக்கும் அரச காணி பற்றிய விசாரணையில், அவருக்கு எதிராக என் பெயரில் சமர்ப்பிக்கப்பட்ட சத்தியக்கடதாசியை ஏற்காதிருக்கும்படி வேண்டுதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த மாதம் தங்கள் செயலக மண்டபத்தில் நடந்த காணி விசாரணையில் என் பெயரிலுள்ள சத்தியக்கடதாசி ஒன்று வாசிக்கப்பட்டது. அதில் உள்ளவை பொய். கையொப்பம் என்னுடையது. இது எப்படி நடந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்றே இம்மனுவைத் தருகிறேன். இவ்வளவு நாள் தாமதித்ததற்கு வெட்கம் தவிர வேறு காரணம் இல்லை.

2. ஜெஸீமா கணவரை இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகளோடு பல வருடங்களாக அந்தக் காணியில்தான் இருக்கிறார். பற்றைக்காட்டை வெட்டியவரும் அவர்தான், கிணறு எடுப்பித்தவரும் அவர்தான். தகரக் கொட்டில் ஒன்றைக் கல்வீடாக்கியிருக்கிறார். அனுமதிப்பத்திரம் கிடைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு நிழல் உறுதியாகிவிடும் என்று செயலகத்துக்கு அலைந்தவர். அதே காணியை என் மனைவியின் தம்பி நௌபரும் கேட்டிருந்தார். அது எனக்கு விசாரணையன்றுதான் தெரிய வந்தது.

3. விசாரணைக்குச் சில வாரங்கள் முன்பு நௌபர் என் மீன் வாடிக்கு வந்தார். “மச்சான், ஜெஸீமாட காணிக்குப் பேர்மிட் எடுக்கிற விசயமா ஒரு சத்தியக்கடதாசி தேவப்படுது. கூடப்பிறந்த நீங்க குடுத்தா லேசா முடிஞ்சிரும்” என்றார். தங்கைக்காக ஓடித்திரிகிறாரே என்று நான் உள்ளம் குளிர்ந்துபோனேன். அவருக்கு ஒரு பாரை மீனும் கட்டிக் கொடுத்தேன். அந்த மீனை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

4. அன்றே அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறி, சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஒருவரிடம் போனோம். அவர் எழுந்து எனக்குக் கதிரை தந்தார், தேநீர் தந்தார். தட்டச்சு செய்து வைத்திருந்த கடதாசியை நீட்டி, “வாசிச்சுப் பாத்துட்டு ஒப்பம் வைங்க முதலாளி” என்றார். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். வாசிக்கிற மனிதருக்கு எவ்வளவு நேரம் செல்லுமோ அவ்வளவு நேரம் கடதாசியைப் பிடித்திருந்தேன். இடையில் ஒரு தரம் தலையை ஆட்டினேன். பக்கத்தைத் திருப்பி, “எல்லாம் சரி” என்று சொல்லிக் கையொப்பம் வைத்தேன்.

5. ஐயா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

இலக்கம் தெரியும். கணக்கில் என்னை யாரும் ஏமாற்ற ஏலாது. அரபு எழுத்தைப் பார்த்துக் குர்ஆன் ஓதுவேன், சிறு வயதில் ஓதப் பள்ளிக்குப் போனேன், பாடசாலைக்குப் போகவிடாமல் தகப்பனார் தோணியில் ஏற்றிவிட்டார். பள்ளிவாசலில் நான் ஓதுவதைக் கேட்டவர்கள் இந்த மனிதருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதென்று எப்படி நினைப்பார்கள்? நிர்வாக சபையிலும் என்னைச் சேர்த்தார்கள். தேநீர்க் கடையில் பத்திரிகையை விரித்துப் பிடிப்பேன். யாராவது ஒரு கடிதத்தை நீட்டினால் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. சமாதான நீதவானின் முன்னால் அந்தக் கடதாசியை வலது பக்கமிருந்து இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டு இருந்தேனோ என்றுகூட இப்போது யோசிக்கிறேன்.

6. இது தெரிந்த ஒரே ஆள் என் மனைவி ஸாலிஹா. “எனக்கிட்டக் காட்டாம எந்தக் கடதாசியிலயும் கை வெச்சிராதீங்க” என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அவருடைய தம்பி கொண்டுவந்த கடதாசியை அவரிடம் காட்டிச் சோதிப்பது முறையல்ல என்று நினைத்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாதென்பது நௌபருக்குத் தெரியுமா என்பதை நான் அறியேன். தெரிந்திருந்தால், சொன்னவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அவரிடம் நான் கேட்கவில்லை. அவர்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

7. விசாரணை மண்டபத்தில் காணி உத்தியோகத்தர் அந்தச் சத்தியக்கடதாசியைச் சத்தமாக வாசித்தார். முஸ்லிமாகிய நான் பயபக்தியுடனும் உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதிப்படுத்திக் கூறுவதாவது என்று தொடங்கியது. என் தங்கைக்கு நிரந்தர இருப்பிடம் என் வீடுதானாம். காணியிலுள்ள வீடும் கிணறும் நௌபரின் செலவில் ஆனவையாம். நௌபர் இரக்கப்பட்டு ஜெஸீமாவை அங்கே காவலுக்கு வைத்திருக்கிறாராம். நான் பயபக்தியோடு சொன்னதை நானே முதல் தரமாக அங்கேதான் கேட்டேன். மீன் விலையில் என் வாய் கொஞ்சம் முன்பின்னாகப் போவதுண்டு, மறுக்கவில்லை. அல்லாஹ்வை முன்வைத்துப் பொய் சொல்லும் ஆள் நான் இல்லை என்று அதுவரை நம்பியிருந்தேன்.

8. இனி எழுதச் சொல்வதுதான் பெரிய வெட்கம். உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, “இது உங்கட கையொப்பமா?” என்று கேட்டார். ஓம் என்றேன். “வாசிச்சுப் பாத்துத்தான் வெச்சீங்களா?” என்று கேட்டார். நல்ல மனிதர், எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். மண்டபத்தில் நிர்வாக சபைக்காரர் இருவர் இருந்தனர். என்னிடம் மீன் எடுக்கும் வியாபாரிகள் இருந்தனர். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கும் ஓம் என்றேன். கையொப்பம் வைத்தபோது நான் ஏமாந்தேன். ஓம் என்றபோது என்னை யாரும் ஏமாற்றவில்லை. என் மானத்துக்காகத் தங்கையின் வீட்டை நானே கொடுத்தேன்.

9. வெளியில் வந்ததும் ஜெஸீமா மூத்தவனான என்னைப் பார்த்து, “நானா, என்னக் காவல்காரியெண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி மனசு வந்திச்சு?” என்று கேட்டார். எனக்கு வாசிக்கத் தெரியா என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவருடைய மூத்த மகள் பஸ்மியா என்னை வீதியில் கண்டால் மறுபக்கம் போகிறாள். பிள்ளையில் பிழை இல்லை.

10. அதன் பிறகு தங்கள் செயலகத்துக்கு இரண்டு தரம் வந்தேன். முதல் தரம் உள்ளே வரவில்லை. இரண்டாம் தரம் அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை மரியாதையாக ஒரு படிவத்தைத் தந்து நிரப்பித் தரச் சொன்னார். கண்ணாடியை எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு வந்தவன்தான்.

11. சமாதான நீதவான் அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் என்னை வாசிக்கச் சொன்னார், அது உண்மை. ஆனால் கடதாசியின் அடியில், உள்ளடக்கம் எனக்கு வாசித்து விளக்கப்பட்டு நான் விளங்கிக்கொண்ட பின்னரே ஒப்பமிட்டேன் என்று இருக்கிறதாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என் வெள்ளைச் சேர்ட்டையும் கண்ணாடியையும் பார்த்து வாசித்துக் காட்டத் தயங்கியிருப்பார். முதலாளிக்குப் போய் வாசித்துக் காட்டுவதா என்று நினைத்திருப்பார். அவரைத் தண்டிக்க வேண்டாம். எவர் வந்தாலும், எந்தக் கோலத்தில் வந்தாலும், வாய்விட்டு வாசித்துக் காட்டும்படி அவருக்கு அறிவுறுத்துங்கள். அன்று அவர் வாசித்திருந்தால் இரண்டாம் வரியிலேயே நான் எழுந்து நௌபரின் கன்னத்தில் ஒன்று கொடுத்திருப்பேன்.

12. ஆகவே ஐயா, இம்மாத முடிவில் எடுக்கவிருக்கும் தீர்மானத்தில் என் பெயரிலுள்ள அந்தச் சத்தியக்கடதாசியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஜெஸீமாவின் குடியிருப்பைத் தாங்களே நேரில் பார்வையிட்டு அறிந்துகொள்ளுங்கள். வாசித்தேன் என்று பொய் சொன்னதற்குச் சட்டப்படி எனக்கு என்ன வருமோ அது வரட்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இம்மனுவைக் கோப்புக்குள் மட்டும் வைத்துவிட வேண்டாம். அந்த விசாரணையை மறுபடி கூட்டுங்கள். முன்பு வந்த அத்தனை பேரையும் அழையுங்கள், நிர்வாக சபைக்காரர் உட்பட. ஜெஸீமாவை முன்வரிசையில் இருத்துங்கள். காணி உத்தியோகத்தர் அதே கேள்வியை எல்லோருக்கும் கேட்க என்னிடம் திரும்பக் கேட்கட்டும். இந்தத் தரம் நான் சரியாகப் பதில் சொல்வேன்.

என் கையொப்பம் பார்க்க நன்றாகவே இருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி கைபிடித்துப் பழக்கியது. இம்மனுவில் அதை இடவில்லை.

இவ்வண்ணம்,
தங்கள் நீதியை எதிர்பார்க்கும்,

(இடது கைப் பெருவிரல் அடையாளம்)
அ. கலீலுர் றஹ்மான்

இடம்: கிண்ணியா
திகதி: 2025.02.17

மேலே உள்ளவற்றை என் கணவர் சொல்ல நான் எழுதினேன். முழுவதையும் அவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் பந்தியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. ஆறாம் பந்தியில் அவர் என்னிடம் கேட்காததற்குப் பதில்: ஓம், தம்பியிடம் சொன்னது நான்தான்.

க. ஸாலிஹா
(மனைவி, நௌபரின் சகோதரி)