கயிறு தண்ணீருக்காக இல்லை

என் நைனாவுக்கு,

முதலில் நல்ல சேதி. உன் தோணியின் அடிப்பலகையை மாற்றிவிட்டேன். ஒழுகல் நின்றுவிட்டது. நீ பார்த்தால், "இத்தினி ஆணி எதுக்குடா, இது தோணியா பல்லாக்கா?" என்று கேட்பாய். கேட்டுக்கொள்.

பசியாவரத்தில் இறால் நன்றாகப் படுகிறது. நண்டு மட்டம். ஒல்லாந்து வெள்ளைக்காரர்களுக்கு மொழி சொல்லும் அந்தத் துபாசி வீட்டு எழுத்து வேலையை விட்டுவிட்டேன். இந்தக் காகிதமும் மையும் மட்டும் அங்கிருந்து என்னோடு வந்தவை. திருப்பிக் கொடுக்கிற எண்ணம் இல்லை.

நாளைக் காலை ஊர் ஆத்தாவிடம் பாடு கேட்கிறது. நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. ஏரியில் வடக்குப் பாடு யாருடையது, எந்த நாளில் யார் வலை போடுவது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் ஆறு மாதமாக முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். போன வாரம் ஒருவன் துடுப்பை ஓங்கிவிட்டான். கோவிந்தம்மா இலைத்தண்ணி குடித்துக் குறி சொல்லப் போகிறாள். முட்டிபோட்டுக் கையால் இறால் தடவுகிறாளே, அந்தக் கோவிந்தம்மாதான். கயிறு பிடிக்க என்னைச் சொல்லியிருக்கிறார்கள். உன் மகன் என்பதால்.

அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் நாளை கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் கரையில் நின்று சத்தமாக வாசிக்கப் போகிறேன். உனக்குத் தெரிந்த ஒன்று ஊருக்குத் தெரியாது.

நைனா, உன்மேல் ஆத்தா இறங்குகிறாள் என்பதில் எனக்கு என்றும் நம்பிக்கை இருந்ததில்லை. உன்னிடமே சொல்லியிருக்கிறேன். "நீ நம்பாட்டி போ, கயித்த மட்டும் ஒயுங்கா புடி" என்றாய். நான் பிடித்தேன், ஐந்து வருடம்.

நான் கண்டதைச் சொல்கிறேன். மூன்று நாள் நீ மீன் தொடமாட்டாய். யாரோடும் சண்டை போடமாட்டாய். அந்த மூன்று நாளும் ஊரே உன்னிடம் மெதுவாகப் பேசும். காலையில் குளித்துவிட்டு வந்தால் ஒரே ஒரு கிண்ணம் இலைத்தண்ணி. கஞ்சா இலையை அரைத்தவளும் பட்டினி, ஊற்றியவனும் பட்டினி. கரையில் நிற்பவர்களில் ஒருவரும் கள் குடித்திருக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. ஒரே ஒரு கேள்வி. வலைக்கயிற்றின் ஒரு முனை உன் இடுப்பில், மறு முனை என் மணிக்கட்டில். இடுப்பளவு தண்ணீரில் நீ கிழக்கே பார்த்து நிற்பாய்.

நீ இரண்டு தரம் இழுத்தால், "இருக்கியா?" நான் ஒரு தரம் இழுத்தால், "இருக்கேன்."

பிறகு நீ பேசுவாய். ஊர்த் தலைவர் நாட்டாரை நேராகப் பார்த்து, "நீ உன் மச்சானுக்கு ரெண்டு நாள் கூடக் குடுத்தே" என்பாய். மற்ற நாளில் அவர் எதிரில் உட்காரக்கூட மாட்டாய். அவரும் தலை குனிந்து கேட்டுக்கொள்வார், ஏனென்றால் பேசுவது நீ இல்லையாம். ஏழை உண்மை பேச எங்கள் ஊரில் அந்த ஒரு வழிதான் இருந்தது. அதற்கு ஒரு கிண்ணமும் ஒரு ஊரும் தேவைப்பட்டது.

முடிந்ததும் உப்புக் கஞ்சி. உலர்ந்த துணி. நீ திரும்பி வரும்வரை எல்லோரும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "முனுசாமி, முனுசாமி" என்று கால் நாழிகை. கடைசியில் நீ எரிச்சலோடு, "இன்னாயா, நான் இன்னா செவுடா?" என்பாய். அப்போதுதான் ஊர் சிரிக்கும்.

இப்போது அந்தக் கல்யாணம்.

துபாசி மகள் கல்யாணத்துக்குக் கோட்டையிலிருந்தும் கப்பலிலிருந்தும் ஒல்லாந்தர்கள் சாப்பிட வந்தார்கள். பசியாவரத்தில் ஒருவன் இலைத்தண்ணி குடித்துக் குறி சொல்வான், கூட்டி வந்து காட்டுங்கள் என்று துபாசி நாட்டாருக்கு ஆள் அனுப்பினார். "ஒரு கிண்ணந்தானே முனுசாமி, குடிச்சிட்டு ரெண்டு வார்த்த சொல்லிட்டு வந்துடு" என்றார் நாட்டார்.

நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அங்க யாருக்குயா கேள்வி இருக்குது?"

"நேரமாவுது, கெளம்பு" என்றார் நாட்டார். நானும் அவரோடு சேர்ந்து அவசரப்படுத்தினேன். நான் அந்த வீட்டில் எழுதுகிறவன். என் நைனாவைப் பெரிய மனிதர்கள் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கிளம்பும்போது நீ கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டாய். நான் சொன்னேன், "எதுக்கு நைனா? அவங்க ஊட்டு முத்தத்துல தண்ணியா இருக்குது? கல்லுத் தரைதான். கயித்த கட்டிக்கினு நின்னா கொரங்காட்டம் இருக்கும், சிரிப்பாங்க."

நீ என்னைப் பார்த்தாய். கயிற்றை மறுபடி ஆணியில் மாட்டினாய். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை நைனா? எழுதப் படித்த மகனுக்குத் தெரியும் என்று நினைத்தாயா?

அங்கே மத்தியான வெயில். மேளம் ஒரு பக்கம், சாராயம் ஒரு பக்கம். ஒரு கிண்ணம் குடித்தாய். கூட்டம் போதாது என்றது. இன்னும் இரண்டு கொடுத்தார்கள். அதில் ஊமத்தை கலந்திருந்தார்கள் என்று சமையல்காரன் பிறகு சொன்னான், வேடிக்கை சீக்கிரம் தொடங்கட்டும் என்று. நான் கூடத்தில் உட்கார்ந்து, விருந்துக்கு வந்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

நீயும் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாய். பஞ்சத்தில் அந்தத் துபாசி அடிமைகளாகப் பிடித்துக் கப்பலேற்றிய நம் ஊர்க்காரர்களின் பெயர்கள். ஒவ்வொன்றாக. அந்தப் பெயர்கள் தெரியாதவர்கள் சிரித்தார்கள். ஒருவன் உன்னைப் போலவே கையை ஆட்டிக் காட்டினான். தெரிந்தவர் துபாசி ஒருவர்தான். "இவனை வெளியே தள்ளு" என்றார்.

நீ சுற்றிலும் பார்த்தாய். உன் கை இடுப்புக்குப் போனது. இல்லாத கயிற்றை இரண்டு தரம் இழுத்தாய்.

நான் கூடத்துத் தூணுக்குப் பின்னால் இருந்து அதைப் பார்த்தேன். கையில் இறகுப் பேனா. எழுந்திருக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது? பத்து மூச்சு இருக்குமா? அதற்குள் நீ ஓடிவிட்டாய். துறையில் யாருடைய தோணியையோ எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனாய் என்றார்கள். தோணி கிடைத்தது. நீ மறுநாள் கிடைத்தாய்.

ஊர் என்னைக் கேட்டது, "கயிறு இன்னாடா ஆச்சு?" நான் சொன்னேன், "வாசல்லயே புடுங்கிக்கினாங்க." எல்லோரும் நம்பினார்கள். துபாசி மேல் இன்னொரு குற்றம் ஏறினால் என்ன, அவர் செய்யாததா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் செய்தது அவருடையது. இது என்னுடையது.

கொஞ்ச நாள் இலையைத் திட்டினேன். நாட்டார் ஆத்தாவின் கோபம் என்றார். அதே இலையை ஐந்து வருடம் நீ குடித்துவிட்டுக் கஞ்சி கேட்டாயே. ஊமத்தை உன் புத்தியைக் குழப்பியது, சரி. குழம்பிய உன்னைப் பிடித்துக்கொள்ள அங்கே யார் இருந்தார்கள்?

ஒரு நாள் உன் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நீ நின்றது இடுப்பளவு தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் எந்த மீன்காரன் முழுகுவான்? கயிறு தண்ணீருக்காகக் கட்டியதே இல்லை. ஐந்து வருடம் கையில் கட்டியிருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

நேற்று கோவிந்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றேன். அவள் கூடையிலிருந்து இறாலைக் கொட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, "ஊருக்குச் சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்ல அத்தே."

"சொல்லு. சொல்லிட்டு வந்து புடி. உட்டவனுக்குத்தான் தெரியும், உட்டா இன்னா ஆவும்னு. ஆனா மறைச்சிக்கினு நிக்கிறவன் கையில என் கயித்த குடுக்கமாட்டேன்."

பிறகு, "அந்தப் பேனாவ ஊட்டுலயே வெச்சிட்டு வா" என்றாள்.

துபாசி வீட்டிலிருந்து மறுபடியும் ஆள் வந்திருந்தான். யாரோ கப்பல்காரர் தன் ஊருக்குத் திரும்புகிறாராம், போகும் முன் வேடிக்கை பார்க்க வேண்டுமாம். நாட்டார் தலையைச் சொறிந்தார். நான்தான் வாசலில் நின்று பதில் சொன்னேன்: "அவுருக்கு எதுனா கேள்வி இருந்தா மூணு நாளு பட்டினி கெடந்துட்டு எங்க கரைக்கு வரச் சொல்லு." ஆள் சிரித்துக்கொண்டே போனான். அவர் வரமாட்டார்.

வாசித்து முடித்ததும் ஊர் என்னைத் துரத்தலாம். துரத்தினால் போகிறேன். ஆனால் கயிற்றைக் கையில் கொடுத்தார்களென்றால், நைனா, இதுதான் என் வாக்கு: அவள் இரண்டு தரம் இழுக்கும்போது நான் இருப்பேன். அவள் யார் பெயரைச் சொன்னாலும், எதிரில் எவன் நின்றாலும், ஒரு தரம் இழுத்துப் பதில் சொல்வேன். நீ சொல்லி முடிக்காத அந்தப் பெயர்களை அவள் சொன்னால், இந்தத் தடவை நான் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். கேட்டுக்கொண்டிருப்பேன்.

முடிந்ததும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அவள் திரும்பி வந்த பிறகு, கயிற்றை அவிழ்க்கும் முன், உன் பெயரையும் ஒரு தரம் கூப்பிடுவேன்.

கயிற்றின் கரை முனையில்,
உன் மகன்.