வியர்க்காத நெற்றி

மச்சான்,

உன் தங்கச்சி இன்று காலை உன் பழைய துண்டை உதறிப் பைக்குள் வைத்தாள். எத்தனை தடவை துவைத்தும் போகாத கந்தக வாடை குப்பென்று வந்தது. முட்டி வலிக்கு வெந்நீர் ஊற்றுக் குளத்தில் இறங்கப் போகிறேன் என்றாள். அதுவும் கந்த சஷ்டி விரதத்தில், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல்!

அன்று உனக்கும் அதே குளம், அதே விரதம். தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டி வெட்டி உன் இடுப்பு விட்டுப்போயிருந்தது. மோட்டார் சைக்கிளில் உன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பெடாஸ் ஊரைத் தாண்டும்வரை ஒரே கிண்டல். "சூடு ஏறுனா வலி ஓடிரும்லா, நீ கரையில உட்காந்து பாரு" என்றாய். நான் தண்ணீர் போத்தலை நீட்டினேன். "விரதம் மச்சான். விரதம் இல்லாட்டியும் சுடுதண்ணியில இருக்கிறப்ப குடிக்கக் கூடாது, ஜன்னி வந்துரும்" என்று தள்ளிவிட்டாய். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்? நானும் நம்பினேன்.

கழுத்தளவு நீரில் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டாய். முகம் சிவந்தது. பக்கத்தில் இருந்த சீனருக்கு வியர்த்து ஊற்றியது. உன் நெற்றி மட்டும் காய்ந்தே கிடந்தது. "தலை சுத்துது மச்சான்" என்று சட்டென எழுந்தாய், அப்படியே சாய்ந்தாய். சிமெண்டு விளிம்பில் தலை மோதிய சத்தம்... ஐயோ, அதை எழுதக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார். சூடு பட்டதும் இரத்தம் தோலுக்கு ஓடுமாம், வியர்த்துத்தான் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளுமாம். உள்ளே தண்ணீர் வற்றிக் கிடந்தால் வியர்வையும் சரியாக வராது, எழுந்து நிற்கும்போது தலைக்கு இரத்தமும் போதாது. கேட்டுக்கொண்டே நின்றேன். நீ கண் திறக்கவே இல்லை.

அன்றிலிருந்து இந்தப் பயம் என்னை விடவில்லை, மச்சான். வெயிலில் யார் வந்து நின்றாலும் முதலில் நெற்றியைத்தான் பார்க்கிறேன். பைத்தியம் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இன்று குளத்தங்கரையில் போத்தலைத் திறந்து உன் தங்கச்சியிடம் நீட்டினேன்.

"என்னங்க, விரதம்லா!"

"முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ குடி."

"அண்ணன் விழுந்தது விதி. எனக்கும் அப்படியே ஆகுமா?"

"விதியோ எதுவோ, எனக்குப் பயமா இருக்கு."

போத்தலை அவள் வாயருகே கொண்டுபோனேன். என் முகத்தைப் பார்த்ததும் வாங்கிக் குடித்தாள். குடிக்கும்போதே அழுதாள். உன்னை நினைத்துத்தான் அழுதிருப்பாள்.

குடித்த தண்ணீர் உடம்பில் சேரட்டும் என்று வெகு நேரம் நிழலில் உட்கார வைத்தேன். அதன் பிறகும் முழங்கால் வரைக்கும்தான் இறங்க விட்டேன். எதிரே குந்தி, அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி வியர்வைகூடக் காணோம். எழுந்திரு, போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது பொட்டுக்கு மேலே ஒரு துளி அரும்பியது. அவள் துண்டை எடுத்தாள்.

"துடைக்காதம்மா" என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."