சாரா ஏன் கத்தவில்லை

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரோஸ்மேரிக்கு அம்மா எழுதுவது.

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்த வீட்டில் யாரும் நலமாக இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் "டியூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

நேற்று உன் தம்பிக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிமேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கச் சொன்னாயாமே. அவன் பிள்ளையை அடக்கம் செய்த இடத்தில் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. ஃப்ரெடி போனைக் கையில் வைத்துக்கொண்டே, "இன்னாம்மா, அக்காவா இப்டி பேசுது?" என்று என்னைப் பார்த்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பியவன், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஷிஜி உன்னோடு படித்தவள், நல்லவள், அவள் வேலை போய்விடும் என்கிறாய். நல்லவள்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல். பக்கத்துக் கட்டிலில் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகள் சுஜா படுத்திருந்தாள். "ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்" என்று அவள் சொன்னதும், உன் தோழி ஓடிப்போய் பிரஷர் பார்த்து, முதுகைத் தடவிக் கொடுத்தாளாம். உன் தம்பி பெண்டாட்டி சாரா, தலை பிளக்கிறது, கண் மங்குகிறது என்று இரண்டு தடவை சொன்னாள். அதற்கு என்ன பதில் தெரியுமா? "எண்ணூர் குப்பந்தானே நீ? மீன் கூடை தூக்குற தலை, இதுக்கெல்லாம் வலிக்காது. டிராமா பண்ணாம படு." வலிப்பு வந்த பிறகுதான் அந்த பிரஷர் மிஷின் சாராவின் கைக்கு வந்தது. அதற்குள் பிள்ளை போய்விட்டது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அந்த சுஜாதான்.

ஒருத்தியே அத்தனை கட்டிலையும் பார்க்கிறாள், அவள் என்ன செய்வாள் என்று கேட்டாயாம். ஆள் குறைவு என்பதை நானும் என் கண்ணால் பார்த்தேன். புகாரில் அதையும் எழுதச் சொன்னேன். ஆனால் ஆள் குறையும்போதெல்லாம் கவனிக்காமல் விடப்படுகிறவள் ஏன் எங்கள் பெண்ணாகவே இருக்கிறாள்? நிறத்தையும் பேச்சையும் தெருப் பேரையும் பார்த்து, இது நிஜ வலி, இது நடிப்பு என்று பிரிக்க எந்த வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

சாராவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்கிறது. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுகிறேன். தினமும் பூ வாங்குவதைப் பார்த்துப் பூக்காரி, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

பூவைக் கட்டும்போது சாராவிடம் கேட்டேன். கதவுக்கு வெளியேதானே நின்றேன், ஒரு கத்தல் போட்டிருந்தால் உள்ளே புகுந்திருப்பேனே, ஏன் கத்தவில்லை என்று. சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "கிறிஸ்மஸுக்கு அண்ணி வந்தப்போ, லேபர் வார்டுல எங்க ஆளுங்க கத்துறத நடிச்சுக் காட்டுச்சே அத்தை. என்னையும் அந்த மாரி யாராச்சும் வூட்ல போய் நடிச்சுக் காட்டுவாங்கன்னு வெக்கமா இருந்துச்சு. கம்முனு இருந்துட்டேன்."

ஞாபகம் இருக்கிறதா ரோசி? ஒரு கையில் கேக் தட்டு, இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அய்யோ நைனா" என்று அலறிக் காட்டினாயே. வீடே சிரித்தது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த சாராவும் சிரித்தாள். நீ யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை அவள் பிரசவ அறைவரை சுமந்துகொண்டு போயிருக்கிறாள். உன்னை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பெற்றவள் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

புகார் அப்படியே இருக்கும். ஷிஜியை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கஷ்டமாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் முதலில் பிரஷர் பார்க்க வேண்டும், வீட்டு மனுஷி ஒருத்தியைப் பக்கத்தில் நிற்க விட வேண்டும். இதைத்தான் கேட்டிருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை விசாரணை. நமக்கு எந்த உறவும் இல்லாத அந்த சுஜா, கைக்குழந்தையோடு சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறாள். நீயும் வா. நர்சுகள் உங்களுக்குள் எங்களைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்பதை உன் வாயால் சொல். அதற்கு முன்னால் சாராவின் பக்கத்தில் போய் உட்கார்.

உனக்கும் இது ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். இங்கே நடந்ததற்குப் பயந்துகொண்டு கோயம்புத்தூரிலேயே இருந்துவிடாதே. நர்ஸ் என்று சொல்லாமல், இந்தத் தெருப் பேரை மட்டும் சொல்லித்தான் உன்னைச் சேர்ப்பேன். வலி வந்தால் வாய்விட்டுக் கத்து மகளே, ஊரே கேட்கும்படி கத்து. உன்னைப் பார்த்து எவள் சிரிக்கிறாள் என்று பார்த்துவிடுகிறேன்.

மாதா உன்னையும் உன் பிள்ளையையும் உயிரோடு என் கையில் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஃப்ளோரன்ஸ்