லிஃப்ட்காரர் பேசிய வசனம்

ஜூன் 4

அருமைக் கண்ணாடி,

நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. ரொம்பவே நலம் என்று தெரிகிறது. இரண்டு பக்கக் கடிதத்தில் 'டாக்டர் மகள்' பதினொரு தடவை வருகிறாள். கொலைப் படத்தில் பிணம்கூட அத்தனை தடவை வராது.

நூலக மாடியில் நாம் பார்த்த பழைய பிரெஞ்சுக் குற்றப் படங்களை இப்போது அவளோடு பார்க்கிறாயாம். பார். ஆனால் நம் நோட்டை ஏன் அவளிடம் கொடுத்தாய்? கிளப்பில் டிரம் வாசிக்கும் கறுப்பினத்தவர், வாசலில் நிற்கும் அரபுக் காவலாளி, தட்டை வைத்துவிட்டு மறைந்துபோகும் வியட்நாமியச் சமையல்காரர் என்று, படத்தின் பெயர்ப்பட்டியலில்கூட இடம் கிடைக்காதவர்களுக்கு ஆளுக்கொரு வரி எழுதியது நாம் இருவர்தானே.

நூலகர் கேட்டார், "எங்கம்மா உன் ஜோடி?"

"தலை வேற ஊருக்குப் போயிடுச்சு சார். வால் மட்டும் ஆடிக்கிட்டிருக்கு."

இன்னமும் உன்னுடைய,
வால்

ஜூன் 12

என் வாலுக்கு,

உறையைப் பிரித்ததுமே தீய்ந்த வாடை. வயிறு அவ்வளவா எரிகிறது?

அவள் நோட்டை முழுக்க வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "யார் யார் செத்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. யாராவது இவங்க முகத்தைப் பார்த்துப் பேசினாங்களான்னு எழுதலையே?" மூன்று வருடமாக நமக்குத் தோன்றாதது.

இதைப் பற்றிப் பள்ளித் திரைப்பட மன்றத்தில் நாங்கள் கட்டுரை வாசிக்கப்போகிறோம். ஓர் உதவி செய். அந்த ஹோட்டல் கொலைப் படத்தில் லிஃப்ட் இயக்கும் ஆப்பிரிக்கர் பேசுகிறாரா? படம் இங்கே கிடைக்கவில்லை. பார்த்து எழுது. பார்க்காததை எழுதக்கூடாது என்பது நம் நோட்டின் ஒரே சட்டம்.

அன்புடன்,
கண்ணாடி

ஜூன் 17

அருமைக் கண்ணாடி,

பேசுகிறார். கடைசிக் காட்சியில் லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்தி, "ஆறு மாடிக்கும் உங்களை ஏற்றி இறக்கினேன். என் பெயரை ஒருவர்கூடக் கேட்கவில்லை" என்கிறார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றுகிறார். உன் புதுக் கூட்டாளியிடம் சொல், முகத்தைப் பார்த்தேதான் பேசுகிறார்.

வால்

ஜூன் 30

வால்,

அந்த வசனத்தை அவள்தான் வாசித்தாள். யாரும் கேட்காமலே இரண்டாவது தடவையும் வாசித்தாள். முடிந்ததும் வரலாற்று ஆசிரியர் எழுந்தார். "நாலு தடவை பார்த்த படம்மா. அந்த ஆள் வாயே திறக்க மாட்டார்."

"ஆசைக்கு நீயே எழுதிக்கிட்டியா?" என்றான் ஒருவன். அரங்கமே சிரித்தது.

உனக்கு நான் சொல்லவில்லை. அவள் குடும்பம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. எங்கள் பள்ளியில் அந்த நிறத்தில் அவள் ஒருத்திதான்.

"தப்பு என்னோடது" என்று நான் எழுந்து சொன்னேன். நம் சட்டத்தை நீ மீற மாட்டாய் என்று நம்பியது என் தப்புதானே. இனி எழுதாதே.

ஜூலை 21

டாக்டர் மகளுக்கு,

கண்ணாடிக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. அதனால் உன் அப்பாவின் மருத்துவமனை முகவரிக்கு எழுதுகிறேன்.

படத்தை இன்று மறுபடி பார்த்தேன். என்னை நம்ப மாட்டாய் என்பதால் நூலகரையும் சாட்சிக்கு உட்காரவைத்தேன். லிஃப்ட்காரர் ஒன்பது தடவை வருகிறார். பேசவில்லை. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் எல்லோருடைய முகத்தையும் பார்க்கிறார். கொலைகாரன் இறங்கிப் போகும்போது மூன்று நொடி அவன் கையுறையையே பார்க்கிறார். யார் கொன்றது என்று முதலில் தெரிந்துகொண்டவர் அவர்தான். இன்ஸ்பெக்டர் அவரிடம் மட்டும் விசாரிக்கவே இல்லை.

'உன்னைப் பற்றித் தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்' என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். தெரிந்திருந்தாலும் செய்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. கண்ணாடியை உன் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும், அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

மன்னித்துவிடு. பொறாமை இன்னும் போகவில்லை; அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். அடுத்த முறை கட்டுரை வாசிக்கும்போது அந்தக் கையுறையைச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அந்த வசனத்தை எழுதியவள்